கலியாணம், ஞானஸ்நானம், அடக்கம்: செய்தி கொடுக்கப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் சேலத்தில் இருக்கிறேன். பள்ளியில் தமிழ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் ஐயர், அதாவது போதகர், வெளியூர் போகும் நாட்களில் பிரசங்க மேடை ஏறுகிற சாதாரண விசுவாசி. ஞாயிறு பிரசங்கத்துக்கு என்னிடம் யாரும் யோசனை கேட்பதில்லை. ஆனால் வீட்டு நிகழ்ச்சியில் செய்தி, அதாவது ஒரு சின்னப் பிரசங்கம், கொடுக்க வேண்டும் என்று வந்துவிட்டால் இளைஞர்கள் போன் செய்துவிடுகிறார்கள். "அண்ணா, நாளைக்கு ஏற்காட்டில் அடக்கம், என்னை ரெண்டு வார்த்தை பேசச் சொல்றாங்க, என்ன பேசட்டும்?" திரும்பத் திரும்ப ஒரே கேள்விகளுக்குப் பதில் சொல்லிச் சொல்லி, கடைசியில் இதை எழுதினேன். கத்தோலிக்க நண்பர்களும் கேட்பதுண்டு. அவர்கள் வழக்கம் வேறாக இருக்கும் இடத்தில் அதையும் சொல்லியிருக்கிறேன்.

ஞாயிறு பிரசங்கத்துக்கும் இதற்கும் அப்படி என்ன வித்தியாசம்?

ஞாயிற்றுக்கிழமை வருகிறவர் வசனம் கேட்க வருகிறார், குறைந்தபட்சம் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார். கலியாணத்துக்கு வருகிறவர் மாப்பிள்ளைக்காக வருகிறார். அடக்கத்துக்கு வருகிறவர் இறந்தவருக்காக வருகிறார். உங்களுக்காக ஒருவர்கூட வரவில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. ஒரு ஆளைப் பார்க்க வந்த கூட்டத்திடம், அந்த ஆளை விட்டுவிட்டு எபிரெய மூலச்சொல்லை விளக்கிக்கொண்டிருந்தால், அவர்கள் உங்கள் தலைக்கு மேலே மின்விசிறியைத்தான் பார்ப்பார்கள்.

யார் செய்தி கொடுக்கலாம்? நான் குருவானவர் இல்லையே?

சி.எஸ்.ஐ. சபைகளில் ஐயரின் அனுமதியோடு உபதேசியாரோ (குருப்பட்டம் பெறாத சபை ஊழியர்) சபையாரில் ஒருவரோ பேசலாம். எங்கள் பக்கம் இது புதிதும் இல்லை. 1827-ல் சேலத்தில் லண்டன் மிஷன் வேலை தொடங்கியது. அந்த மரபில் அச்சடித்த ஆராதனை முறையைவிடப் பிரசங்கத்துக்குத்தான் முதல் இடம். அந்தச் சபைகள் 1908-ல் தென்னிந்திய ஐக்கிய சபைக்குள் போய், 1947 செப்டம்பர் 27-ல் சி.எஸ்.ஐ. உருவானபோது ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளோடு சேர்ந்தன. புத்தகம் பார்த்து ஜெபிக்கிற வழக்கமும் நீட்டி முழக்கிப் பேசுகிற வழக்கமும் ஒரே கூரைக்குள் இருப்பது அப்படித்தான்.

கத்தோலிக்கத் திருச்சபையில் திருப்பலியின் (பூசையின்) மறையுரை, அதாவது பிரசங்கம், குருவுக்கும் திருத்தொண்டருக்கும் மட்டும் உரியது. 1983-ன் திருச்சபைச் சட்டம், 767-ஆம் எண், அதைத் தெளிவாகச் சொல்கிறது. ஆனால் அடக்கத்துக்கு முந்தின இரவு வீட்டில் நடக்கும் ஜெபத்தில் உபதேசியார் பேசத் தடை இல்லை.

எவ்வளவு நேரம் பேசலாம்?

கலியாணம் பத்து நிமிடம். ஞானஸ்நானம் ஏழு நிமிடம், குழந்தை அழுதால் ஐந்து. அடக்கம், வீட்டில் என்றால் ஐந்து, ஆலயத்தில் என்றால் பத்து, குழியருகே என்றால் செய்தியே வேண்டாம், வசனம் வாசித்து ஜெபித்தால் போதும்.

மறையுரை எட்டு நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது, போனால் மக்கள் தூங்கிவிடுவார்கள் என்று போப் பிரான்சிஸ் 2024-ல் சொன்னார். எங்கள் ஆட்கள் அதைக் கேட்டுச் சிரித்தார்கள். எங்களுக்கு எட்டு நிமிடம் முன்னுரைக்கே பத்தாது.

கலியாணத்தில் கடிகாரம் பார்க்க இன்னொரு காரணமும் இருக்கிறது. 1872-ன் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி, பொதுவாக, காலை 6 மணிக்கும் மாலை 7 மணிக்கும் இடையில் திருமணம் நடக்க வேண்டும். சாயங்காலக் கலியாணம், பெண்ணின் அலங்காரம் முடிய ஆறு மணி, நீங்கள் முக்கால் மணி நேரம் பேசினால் ஐயரின் முகத்தைப் பார்க்க வேண்டும். உடன்படிக்கையும் சாட்சிகளும் கையெழுத்தும்தான் சட்டத்துக்குத் தேவை. உங்கள் செய்தியைச் சட்டம் கேட்கவே இல்லை.

கலியாணத்துக்கு எந்த வசனம் எடுக்கலாம்? எல்லாரும் 1 கொரிந்தியர் 13-தான் எடுக்கிறார்கள்.

எடுக்கட்டுமே, நல்ல பகுதிதான். ஆனால் அதைப் பன்னீர் மாதிரித் தெளித்துவிட்டுப் போகக் கூடாது. அது கலியாண வீட்டுக்கு எழுதின கடிதம் இல்லை. கோஷ்டி சேர்ந்துகொண்டு, ஒருவர் மேல் ஒருவர் வழக்குப் போட்டுக்கொண்டு, கர்த்தருடைய பந்தியில்கூட இல்லாதவனைப் பட்டினி போட்டுவிட்டுச் சாப்பிட்ட ஒரு சபைக்கு எழுதினது. "அன்பு நீடிய சாந்தமும் தயவுமுள்ளது" என்பது, அது இல்லாத இடத்தில் சொன்ன வார்த்தை. இதைச் சொன்னால் மாப்பிள்ளையைவிட முன்வரிசையில் இருக்கிற இரண்டு வீட்டுப் பெரியவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். சீர், சாப்பாடு, பத்திரிகையில் பெயர் விட்டுப்போனது என்று ஆறு மாதமாக நடந்த பேச்சு அவர்களுக்குத்தானே தெரியும்.

எனக்குப் பிடித்தது யோவான் 2, இயேசு தண்ணீரைத் திராட்சரசமாக்கின கானாவூர்க் கலியாணம். பலரும் திராட்சரசத்துக்கு நேராக ஓடிவிடுகிறார்கள். கொஞ்சம் நின்று சாடிகளைப் பாருங்கள். ஆறு கற்சாடிகள், ஒவ்வொன்றும் இரண்டு மூன்று குடம் கொள்ளும். அப்படியென்றால் பன்னிரண்டிலிருந்து பதினெட்டுக் குடம் தண்ணீர். குழாயடியில் நின்று பழகின எந்தச் சேலத்துப் பெண்ணுக்கும் அது எத்தனை நடை என்று உடனே தெரியும். அதைச் சுமந்தவர்கள் வேலைக்காரர்கள். அப்புறம் ஒன்பதாம் வசனம்: ரசம் எங்கேயிருந்து வந்தது என்று பந்திவிசாரிப்புக்காரனுக்குத் தெரியவில்லை, தண்ணீரை மொண்டவர்களுக்குத் தெரிந்திருந்தது. அற்புதத்தை முதலில் அறிந்தவர்கள் சமையல்கட்டு ஆட்கள்.

ஒருமுறை இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது பந்தி பரிமாறும் பையன்கள் நான்கு பேர் பக்கத்து வாசலில் வந்து நின்றார்கள், மணி என்ன ஆகிறது என்று பார்க்க. தோளில் துண்டு, கையில் தண்ணீர் ஜக். நான் அவர்களைப் பார்த்தே அந்த வசனத்தைச் சொன்னேன். கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஒரு பையன் வெட்கப்பட்டு ஜக்கைப் பின்னால் மறைத்துக்கொண்டான். பிறகு பல வருடம் கழித்து அந்த மணப்பெண் என்னிடம் சொன்னது, அன்றைய செய்தியில் ஞாபகம் இருப்பது அந்த ஜக்தான் என்று. எனக்கு அது போதும்.

ரூத் 1:16-ஐயும் கலியாணத்தில் வாசிக்கிறார்கள்: "உம்முடைய ஜனம் என்னுடைய ஜனம், உம்முடைய தேவன் என்னுடைய தேவன்." வாசிக்கும்போது ஏதோ மனைவி கணவனிடம் சொன்னது மாதிரி ஒரு பாவனை. அது மருமகள் மாமியாரிடம் சொன்னது. தைரியம் இருந்தால் அதைச் சொல்லுங்கள். மண்டபத்தில் ஒரு சிரிப்பு எழும், அந்தச் சிரிப்புக்குப் பிறகு நீங்கள் எது சொன்னாலும் கேட்பார்கள்.

எபேசியர் 5-ஐ எடுத்தால் பெண்கள் முகம் மாறுகிறது. விட்டுவிடலாமா?

விட வேண்டாம், முழுதாக எடுங்கள். நம் ஆட்கள் 22-ஆம் வசனத்தில் ஏறி 24-ல் இறங்கிவிடுகிறார்கள். அதற்கு முந்தின 21-ஆம் வசனம் "ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்" என்கிறது. பிறகு மனைவிகளுக்கு மூன்று வசனம். அதன்பின் 25 முதல் 33 வரை, கடைசி வரியின் வாலை விட்டுவிட்டால், முழுக்கக் கணவனுக்கு. கிறிஸ்து சபைக்காகத் தம்மையே ஒப்புக்கொடுத்ததுபோல என்று அளவு வேறு வைத்திருக்கிறது. எண்ணிக் காட்டுங்கள், விளக்கமே தேவைப்படாது.

பழைய ஆங்கிலிக்கன் ஜெபபுத்தகத்தில், 1662-ல் வந்தது, ஒரு குறிப்பு உண்டு: கலியாணத்தில் கணவன் மனைவி கடமைகளைப் பற்றிப் பிரசங்கம் இல்லையென்றால், குருவானவர் அங்கே அச்சிட்டிருக்கும் வேதப் பகுதிகளை வாசிக்க வேண்டும். அதில் ஆரம்பமே கணவனின் கடமைதான். எங்கள் பக்கத்துப் பிரசங்கிமார் அந்த வரிசையை எங்கே தலைகீழாக்கினார்கள் என்பது எனக்குப் புரியாத விஷயம்.

கூட்டத்தில் பாதிப்பேர் இந்து உறவினர்கள், நண்பர்கள். எப்படிப் பேசுவது?

சேலத்தில் இது தினசரி நிலைமை. பெண் வீடு சபை, மாப்பிள்ளையின் தாய்மாமன் வீடு மாரியம்மனுக்குத் தீ மிதிக்கிற வீடு, வெள்ளிப் பட்டறை முதலாளி, ஸ்டீல் பிளான்ட் சக ஊழியர், எல்லாரும் முன்னால் இருப்பார்கள். மூன்று விஷயம் சொல்வேன்.

முதலில், வேதாகமத் தமிழை அப்படியே கொட்டாதீர்கள். "புறஜாதியார்" என்ற சொல் நமக்கு யூதர் அல்லாதவர் என்று பொருள். வெளியாளின் காதில் அது "ஜாதி" என்றுதான் விழும், அதுவும் "புற" சேர்ந்து. ஒரு கலியாணத்தில் ஒரு பிரசங்கியார் இந்தச் சொல்லை ஏழெட்டு முறை சொன்னார். பக்கத்தில் இருந்த பெரியவர் என்னிடம், "தம்பி, எங்களையா சொல்றாரு?" என்று கேட்டார். நான் என்ன பதில் சொல்வேன்? "அஞ்ஞானிகள்" என்பதும் அப்படித்தான். அதைச் சொல்லிவிட்டு அவர்கள் கையால் மொய் வாங்குகிறோம்.

இரண்டாவது, எந்தக் கதையையும் தெரிந்ததாக எண்ணாதீர்கள். "யாக்கோபு ராகேலுக்காகப் பட்ட பாடு நமக்குத் தெரியும்" என்று கடந்து போகாதீர்கள். பெண்ணுக்காக ஏழு வருடம் மாமனாரிடம் வேலை செய்தார், விடிந்து பார்த்தால் அக்காவைக் கட்டி வைத்திருக்கிறார்கள் என்று இரண்டு வரியில் கதையைச் சொல்லுங்கள். அந்தத் தாய்மாமன் வீட்டார்தான் முதலில் காது கொடுப்பார்கள்.

மூன்றாவது, குறள் சொல்வது. எனக்குத் தமிழ் வாத்தியார் வேலை, அதனால் ஆசை அதிகம். இருந்தாலும் "அன்பும் அறனும்" என்று ஆரம்பிக்காத கலியாணப் பேச்சே இல்லை என்றாகிவிட்டது. தி.மு.க.காரர் பேசினாலும் அதுதான், ஐயர் பேசினாலும் அதுதான். கொஞ்ச நாள் அந்தக் குறளுக்கு ஓய்வு கொடுக்கலாம்.

புகைப்படக்காரர்கள் தொல்லை?

முந்தின நாளே ஒத்திகையில் சொல்லிவிடுங்கள்: உடன்படிக்கைக்கு எவ்வளவு படம் வேண்டுமானாலும் எடுங்கள், செய்தி நேரத்தில் எனக்கும் மணமக்களுக்கும் நடுவில் நிற்காதீர்கள். டிரோன் ஆலயத்துக்குள் வேண்டாம். ஒரு தடவை பறக்கவிட்டார்கள். சபையார் மொத்தப் பேரும் அண்ணாந்து பார்த்தபோது எனக்கு, பரலோகத்துக்கு ஏறிப்போகிற இயேசுவைச் சீஷர்கள் அண்ணாந்து பார்த்து நின்ற அப்போஸ்தலர் 1-ஆம் அதிகாரம்தான் ஞாபகம் வந்தது.

குழந்தை ஞானஸ்நானத்தில் யாரிடம் பேசுவது? குழந்தைக்கு ஒன்றும் புரியாதே.

பெற்றோரிடமும் ஞானப்பெற்றோரிடமும். முக்கியமாக ஞானத்தகப்பன் ஞானத்தாயிடம், ஏனென்றால் சேலையும் வெள்ளிக் கொலுசும் வாங்கிக் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் வாயால் சொல்லப்போகும் பதில்களில் ஒன்றை எடுத்து, அது செவ்வாய்க்கிழமை காலையில் என்ன ஆகும் என்று சொல்லுங்கள். அவ்வளவுதான்.

பெரியவர்கள் ஞானஸ்நானம் எடுத்தால் கதை வேறு. ஆதிச்சபையில் ஆயர் அகுஸ்தீன் போன்றவர்கள், ஈஸ்டர் இரவில் தண்ணீரிலிருந்து ஏறினவர்களுக்கு அந்த வாரம் முழுக்கத் தனியாகப் பிரசங்கித்தார்கள். நேற்று நீ கண்டது என்ன, சாப்பிட்டது என்ன என்று ஒவ்வொன்றாக. முதலில் அனுபவம், பிறகு விளக்கம். நாம் நேர்மாறாக எல்லாவற்றையும் முன்னாலேயே விளக்கிவிட்டு, பிறகு அந்த ஆளை மறந்துவிடுகிறோம். பெந்தெகொஸ்தே சபைகளில் குழந்தைக்குப் பிரதிஷ்டை, அதாவது ஜெபித்துத் தேவனுக்கு ஒப்புக்கொடுப்பது, மட்டும்தான், ஞானஸ்நானம் வளர்ந்தபின். அங்கே பேச அழைத்தால் அதைத் தெரிந்துகொண்டு போங்கள், விவாதம் ஆரம்பிக்காதீர்கள்.

திடப்படுத்தல்?

ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகள் வளர்ந்து தங்கள் விசுவாசத்தைத் தாங்களே அறிக்கையிடுகிற ஆராதனை அது. பேராயர் வருவார், அவரே பேசுவார். நீங்கள் பிள்ளைகளின் வெள்ளைச் சட்டையில் மெழுகு சொட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடக்க ஆராதனையில் இறந்தவரைப் புகழலாமா?

இதில்தான் சபைகளுக்குள் பெரிய வேறுபாடு, அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன்.

கத்தோலிக்க முறையில் அடக்கத் திருப்பலிக்குச் சுருக்கமான மறையுரை உண்டு, ஆனால் புகழுரையாக அது இருக்கக் கூடாது என்று திருப்பலி நூலின் பொதுப் படிப்பினை 382-ஆம் எண்ணில் சொல்கிறது. குடும்பத்தார் யாராவது நினைவுச் சொற்கள் சொல்வதென்றால், இறந்தவரைத் தேவனிடம் ஒப்படைக்கும் கடைசி ஜெபத்துக்கு முன் சொல்லலாம். சீர்திருத்தத் திருச்சபைகளில் ஒரு காலத்தில் இன்னும் கடுமை. 1645-ல் இங்கிலாந்தில் வந்த வெஸ்ட்மின்ஸ்டர் ஆராதனை வழிகாட்டி, பிணத்தைச் சடங்கு எதுவும் இல்லாமல் அடக்கம் பண்ணச் சொன்னது. வழியில் பாட்டு, வாசிப்பு, ஜெபம் எல்லாம் வேண்டாம், போதகர் அங்கே இருந்தால் உயிரோடிருப்பவர்களுக்கு அவர்கள் கடமையை நினைவூட்டலாம், அவ்வளவே. இன்னொரு கோடியில் பிரான்ஸின் பொசுவே, பேர்போன கத்தோலிக்கப் பிரசங்கியார். 1670-ல் அரச குடும்பத்து இளம் பெண் ஒருத்தியின் அடக்கத்தில் அவர் பேசினபோது சபை முழுதும் தேம்பி அழுதது என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

எனக்குப் பிடித்த வழி ஜெர்மானியச் சீர்திருத்தவாதி லூத்தருடையது. 1532-ல் சாக்ஸனி நாட்டு அதிபர் யோவான் இறந்தபோது அவர் 1 தெசலோனிக்கேயர் 4-ஐ எடுத்துப் பேசினார். தன்னைக் காப்பாற்றிய அரசர், அருமையான மனிதர். ஆனாலும் லூத்தர், இவருடைய பெரிய நற்குணங்களுக்காக இப்போது இவரைப் புகழப் போவதில்லை, நம் எல்லாரையும்போல இவரும் பாவியாகவே இருக்கட்டும் என்ற பொருளில் சொன்னார். அரசனின் பெட்டிக்கு முன்னால்!

நம் ஊரில் புகழ்ச்சிக்குத் தட்டுப்பாடு இல்லை. ஒப்பாரி வைக்கிற பெண்கள், நீங்கள் போய்ச் சேருவதற்கு முன்னாலேயே அந்த வேலையை உங்களைவிட நன்றாகச் செய்து முடித்திருப்பார்கள். "நீ வாங்கிவந்த சேலை கிழியலையே, அதுக்குள்ள போயிட்டியே" என்ற ஒரு வரிக்கு முன்னால் நம் பிரசங்கம் எம்மாத்திரம். ஒப்பாரி இறந்தவரிடம் பேசுகிறது. செய்தி இருப்பவரிடம் பேச வேண்டும், இறந்தவரை நடுவில் வைத்துக்கொண்டு. அவரைப் பற்றி உண்மையான ஒரு சிறு விஷயம் சொல்லுங்கள், எல்லாருக்கும் தெரிந்தது, பொய் இல்லாதது. குடிகாரரை "தேவ மனிதர்" என்றால், அவர் மனைவி தலை குனிந்துகொள்வாள். அதற்குப் பிறகு நீங்கள் உயிர்த்தெழுதலைப் பற்றிச் சொல்வதும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

எனக்கு அவரைத் தெரியவே தெரியாது. என்ன செய்வது?

அரை மணி நேரம் முன்னால் போங்கள். பெட்டிக்குப் பக்கத்தில் இருப்பவர்களை விட்டுவிட்டு, பந்தலுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருக்கும் ஆளிடம் பேசுங்கள். அல்லது பேரப்பிள்ளைகளிடம். பெரியவர்கள் "ரொம்ப நல்லவர்" என்பார்கள், பிள்ளைகள் விஷயம் சொல்வார்கள்.

ஏற்காட்டில் ஒரு பாட்டியின் அடக்கம். காபித் தோட்டத்தில் நெடுங்காலம் பழம் பறித்தவர். எனக்கு அறிமுகம் இல்லை, ஐயருக்குக் காய்ச்சல் என்று என்னை அனுப்பினார்கள். இருபத்தைந்து நிமிடத்துக்குச் சங்கீதம் 90 தயார் செய்து கையில் வைத்திருந்தேன். போய்ச் சேர்ந்தால் மழை, பனிமூட்டம், மின்சாரம் இல்லை, மைக் இல்லை. கீழே சேலத்திலிருந்து இரண்டு வேன்களில் உறவினர் வந்திருந்தார்கள். ஓட்டுநர், "இருட்டறதுக்குள்ள வளைவெல்லாம் இறங்கிடணும் சார்" என்று என் காதிலேயே சொன்னார். இருபது கொண்டை ஊசி வளைவு, பனியில். அவர் சொன்னது நியாயம்.

திண்ணையில் ஒரு பேரன், பத்து வயது இருக்கும், நின்றிருந்தான். பாட்டி எப்படி என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "மழை பேஞ்சா சாக்கை மடிச்சுத் தலையில போட்டுக்கிட்டு ஸ்கூல் வாசல்ல நிப்பாங்க. என்னையும் அதுக்குள்ள வெச்சுக் கூட்டியாருவாங்க" என்றான். ஒரே சாக்குக்குள் இரண்டு பேர்.

கையில் இருந்த தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன். சங்கீதம் 23 சொன்னேன், எல்லாருக்கும் மனப்பாடம். அதில் ஒரு இடத்தை மட்டும் காட்டினேன். முதல் மூன்று வசனம் வரை "அவர் என்னைப் புல்லுள்ள இடங்களில் மேய்த்து" என்று கர்த்தரைப் பற்றிப் பேசுகிறவன், மரண இருளின் பள்ளத்தாக்கு வந்ததும் பேச்சை மாற்றிவிடுகிறான்: "தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்." பள்ளத்தாக்குக்குள் போனதும் அவர் பக்கத்தில் வந்துவிட்டார், ஒரே சாக்குக்குள். அவ்வளவுதான் சொன்னேன், நான்கு நிமிடம் இருக்கும். அந்தப் பையன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். வேன்கள் வெளிச்சத்திலேயே கிளம்பின.

அழாதீர்கள் என்று சொல்வது சரியா?

தவறு. 1 தெசலோனிக்கேயர் 4:13-ஐ வைத்துக்கொண்டு அப்படிச் சொல்கிறார்கள். நம்பிக்கையற்றவர்களைப்போலத் துக்கப்படாதிருங்கள் என்றுதான் அங்கே இருக்கிறது. துக்கமே கூடாது என்று எங்கும் இல்லை.

லாசரு இறந்துபோன யோவான் 11-ஐப் பாருங்கள், அவன் சகோதரிகள் இருவர். மார்த்தாள் வந்து, "ஆண்டவரே, நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்" என்கிறாள். கொஞ்ச நேரம் கழித்து மரியாள் வந்து, சொல்லுக்குச் சொல் அதையே சொல்கிறாள். மார்த்தாளுக்கு இயேசு போதனையாகப் பதில் சொன்னார். மரியாளுக்குப் போதனை இல்லை, கண்ணீர்தான். ஒரே கேள்விக்கு ஆளைப் பார்த்து இரண்டு பதில். 4-ஆம் நூற்றாண்டில் மிலான் ஆயர் அம்புரோசு, தன் சொந்த அண்ணன் சத்தீருஸ் இறந்தபோது தானே நின்று பேசினார். அழுகையை மறைக்கவில்லை. ஆண்டவரும் அழுதார், அதுவும் உறவில்லாத ஒருவருக்காக, நான் என் சகோதரனுக்காக அழுகிறேன் என்றார்.

சின்னக் குழந்தையின் மரணம், தற்கொலை. இந்த இடங்களில்?

குறைவாகப் பேசுங்கள். காரணம் சொல்லாதீர்கள். "தேவனுக்கு இந்தப் பூ தேவைப்பட்டது" என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு, அந்தத் தாய் பல வருடம் ஆலயத்துக்கு வரவில்லை. தோட்டத்தில் வேறு பூவே இல்லையா என்று அவள் கேட்டது நியாயம்தான்.

"கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்பது பிள்ளைகளை எல்லாம் இழந்த யோபு தானே தன்னைப் பற்றிச் சொன்னது. நண்பர்கள் அவனிடம் சொன்னதில்லை. அந்த நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள், அதுவரை சரியாகவே நடந்துகொண்டார்கள். வாயைத் திறந்தபின்தான் கெட்டது. கடைசி அதிகாரத்தில் தேவன் அவர்கள்மேல் கோபித்துக்கொள்கிறார்.

தற்கொலை செய்தவர்களை நம் முன்னோர் கடுமையாக நடத்தினார்கள். 1662 ஜெபபுத்தகம் அவர்களுக்கு அடக்க முறையை வாசிக்கக் கூடாது என்றது. கத்தோலிக்கரின் 1917 சட்டமும் மறுத்தது. 1983 சட்டத்தில் அந்தத் தடை இல்லை. ஆகவே, அந்த வீட்டுக்குப் போகும்போது பழைய பயமெல்லாம் அவர்கள் மனதில் இருக்கும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். எப்படி இறந்தார் என்பதைச் செய்தியில் எடுக்கவே வேண்டாம். அவர் ஞானஸ்நானத்தில் பெற்ற பெயரைச் சொல்லுங்கள், கூட இருந்து ஜெபியுங்கள்.

பெயரில் தவறு வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

வரும். எனக்கு வந்தது. ஒரு பெரியவரின் அடக்கத்தில் அவர் தம்பியின் பெயரைச் சொல்லி, "நம்மை விட்டுக் கடந்து சென்றார்" என்றேன். தம்பி முன்வரிசையில் கைத்தடியோடு உட்கார்ந்திருந்தார். கூட்டம் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் தவித்தது. ஆராதனை முடிந்து அவரே வந்து, "பரவாயில்ல தம்பி, அடுத்தது நான்தானே" என்றார். இன்றும் நினைத்தால் உடம்பு கூசுகிறது.

அன்றிலிருந்து பெயரைப் பென்சிலால் எழுதி வேதாகமத்துக்குள் வைத்துக்கொள்கிறேன். எழுதும்போது இரண்டு பெயரும் கேளுங்கள். பதிவேட்டில் எலிசபெத் ராணி, தெருவுக்கே குட்டியம்மா. செய்தியில் எலிசபெத் ராணி, எலிசபெத் ராணி என்றால் வேறு யாரையோ அடக்கம் பண்ணுகிற மாதிரி இருக்கும்.

அடக்கத்தில் இரட்சிப்புக்கு அழைப்பு கொடுக்கலாமா? "அடுத்தது நீங்களாக இருக்கலாம்" என்று?

இதில் என்னோடு சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு. வரட்டும். அழுகிற ஆளின் கை உங்கள் கைக்குள் இருக்கும்போது அதில் கையெழுத்து வாங்காதீர்கள். உயிர்த்தெழுதலைத் தெளிவாகச் சொல்லுங்கள், யாரும் தடுக்கவில்லை. பயமுறுத்தலை மட்டும் விட்டுவிடுங்கள். நாற்பதாம் நாள் ஜெபத்துக்கு, வருட நினைவுக்கு அதே குடும்பம் கூப்பிடும். கேட்க வேண்டிய கேள்வியை அன்று அவர்களே கேட்பார்கள்.

மஞ்சள் நீராட்டு, காதுகுத்து, வீடு பிரதிஷ்டைக்கும் செய்தி கேட்கிறார்களே?

வீட்டுக்கு யோசுவா 24:15 ("நானும் என் வீட்டாருமோவென்றால், கர்த்தரையே சேவிப்போம்") போதும், ஐந்து நிமிடம், பால் பொங்குகிற நேரம். மற்ற இரண்டையும் இப்போது "ஸ்தோத்திர ஜெபம்" என்று பத்திரிகை அடிக்கிறார்கள். மஞ்சள் நீராட்டில், எல்லாரும் பார்க்க உட்காரவைக்கப்பட்டிருக்கும் அந்தப் பெண்பிள்ளைக்குக் கூச்சம் தாங்காது. அவள் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். அவள் படிப்புக்காக ஜெபித்துவிட்டு உட்காருங்கள். முடிந்தால் அதற்கு ஒரு பெண்ணையே பேசச் சொல்லுங்கள், அது இன்னும் நல்லது.

எழுதி வைத்துப் படிக்கலாமா? போனைப் பார்த்துப் பேசலாமா?

எழுதுங்கள், கண்டிப்பாக எழுதுங்கள். கலியாணத்தில் தாளைப் பார்த்துப் பேசினால் யாரும் குறை சொல்லமாட்டார்கள். போன் வேண்டாம். ஒருமுறை ஜெபத்தின் நடுவில் ஒருவருடைய போனில் கடன் தருகிறோம் என்று அழைப்பு வந்து, மைக்கில் அந்தப் பெண்ணின் குரல் கேட்டது.

கவர் கொடுத்தால் வாங்கலாமா?

கலியாண வீட்டில் கொடுத்தால் வாங்கிச் சபைக் காணிக்கையில் போட்டுவிடுகிறேன், மறுத்தால் அவர்களுக்கு மனக்குறை. துக்க வீட்டில் வாங்குவதில்லை. மலை ஏறிப் போனால் பஸ் செலவுக்கு என்று சட்டைப்பையில் திணிப்பார்கள், அதையும் அந்த வீட்டுப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன். ஆனால் பக்கத்து வீட்டிலிருந்து போட்டுக் கொண்டுவரும் காபியை மட்டும் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். ஏற்காட்டில் அது அவர்களே பறித்து, காயவைத்து, இடித்த காபியாகக்கூட இருக்கும்.